வால்வின் முதல் எழுத்து

இணைய அங்காடியில் ‘டியூப் ஹெட்ஃபோன் ஆம்ப்’ என்று தட்டிப் பாருங்கள். நூற்றுச் சொச்சம் வெள்ளியில் தொடங்கி வரிசை கட்டி நிற்கும். உள்ளங்கை அகலப் பலகை, நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழின் அடியில் ஆரஞ்சு வெளிச்சம். ‘ஹைப்ரிட்’ என்ற சொல் விளம்பரத்தில் கட்டாயம் இருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்ட நம் இளையோர் பலருடைய மேசையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில், இப்போது இப்படி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது.

வானொலியில் வேலை பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த வால்வு வாங்கி மாத்தினா பாட்டு இன்னும் நல்லா கேக்கும்?” இரண்டாவது கேள்விதான் வயிற்றைக் கலக்குகிறது: “தாத்தாவோட பழைய வால்வு ரேடியோ ஒண்ணு வீட்டுல சும்மா கிடக்கு. அதுல இருக்கிற வால்வைக் கழட்டி இதுல போடலாமா?”

வேண்டாம். பணமும் போகும், தாத்தாவின் ரேடியோவும் போகும். சில பெட்டிகளில் உயிருக்கே ஆபத்து. ஏன் என்று புரிய, வால்வின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். அது தெரிந்துவிட்டால் ஹைப்ரிட் ஆம்பில் எதை மாற்றலாம், எதை மாற்றுவது வீண் என்பதும் பாதி புரிந்துவிடும்.

தோட்டத்து ரேடியோ பெட்டி

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் சுருங்கிய கதையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. சுங்கை சிப்புட், சிம்மோர், கம்பார், பீடோர் பக்கத்து லயங்களிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த குடும்பங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த சாமான்களில் ரேடியோ பெட்டிக்கும் இடம் இருந்தது.

ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்பதற்கென்று பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கம் தன் செய்தியைச் சொல்லத்தான் வைத்தது. பாட்டு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வீடுகளில் சொந்தப் பெட்டி வந்தது.

என் பெரியப்பா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காலையில் மரம் வெட்டிவிட்டு, மாலையில் சைக்கிளில் போய் ரேடியோ பழுதுபார்த்தவர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. மின்சாரத்தில் ஓடும் பெட்டியைத் திறந்தால் இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு கை மட்டும் உள்ளே போனால், தப்பித் தவறி ஷாக் அடித்தாலும் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகாது. வால்வு காலத்து மெக்கானிக்குகள் உலகம் முழுக்கக் கடைப்பிடித்த விதி அது. இரண்டாவது பழக்கம், பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுவது. எந்த வால்வைத் தட்டும்போது ஸ்பீக்கரில் ‘டங்’ என்று மணிச்சத்தம் கேட்கிறதோ, அதனுள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அவர் முதலில் பார்ப்பது எழுத்தை. ஐரோப்பிய வால்வுகளின் பெயர் ஒரு குறிமுறை. முதல் எழுத்து, வால்வைச் சூடாக்கும் இழைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைச் சொல்லும். ‘இ’ என்றால் 6.3 வோல்ட். ‘டி’ என்றால் 1.4 வோல்ட், அதாவது பேட்டரி ரேடியோ. ‘யூ’ என்றால் 100 மில்லியாம்பியர். எல்லா வால்வுகளின் இழைகளையும் பூமாலை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, நடுவில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், நேரே வீட்டு மின்சாரத்தில் மாட்டிய பெட்டி. அடுத்து வரும் எழுத்துகள் வால்வின் வேலையைச் சொல்லும். ‘சி’ என்பது மூன்று முனை டிரையோடு, ‘எஃப்’ என்பது ஐந்து முனை பென்டோடு, ‘எல்’ என்பது ஸ்பீக்கரை ஓட்டும் பலசாலி.

மின்சாரம் எட்டாத லயங்களில் இருந்தது ‘டி’ குடும்பம்: டிகே92, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்94. 90 வோல்ட்டுக்கு ஒரு பெரிய உலர் பேட்டரி, இழைக்கு 1.5 வோல்ட் தனியாக. மின்சாரம் வந்த வீடுகளில் இசிஎச்81, இஎஃப்89, இஎல்84 போன்றவை.

உங்கள் ஹைப்ரிட் ஆம்பில் பெரும்பாலும் இருப்பது இசிசி82. ‘சிசி’ என்றால் ஒரே குமிழுக்குள் இரண்டு டிரையோடு, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. தாத்தாவின் பெட்டியில் வழக்கமாக இந்த வகையே இருக்காது. ‘டி’ வால்வுகளுக்கு ஏழு கால், குழியில் உட்காரவே உட்காராது. ஆனால் இசிஎச்81-க்கு ஒன்பது கால். அழகாக உட்கார்ந்துவிடும். அங்கேதான் வினை. உள்ளே இணைப்புகள் வேறு, 6.3 வோல்ட் கேட்கும் இழைக்கு உங்கள் பலகை 12.6 வோல்ட் கொடுக்கும். வால்வு அதோடு சரி. ரேடியோவும் ஊமையாகிவிடும்.

அமெரிக்கப் பெயர் இன்னும் சுலபம். இசிசி82-ஐ அவர்கள் 12ஏயூ7 என்பார்கள். முன்னால் நிற்கும் எண்தான் இழையின் வோல்ட்: 12 என்றால் 12.6, 6 என்றால் 6.3, 19 என்றால் 18.9. இணையத்தில் புகழ்ந்து எழுதுகிறார்களே என்று 6டிஜே8 என்ற வால்வை வாங்கி 12ஏயூ7-க்காகச் செய்த பலகையில் செருகுபவர்கள் இந்த ஒரு எண்ணைப் படிக்காமல்தான் அதை எரிக்கிறார்கள். இழை வோல்ட்டை மாற்ற ஜம்பரோ சுவிட்சோ சில பலகைகளில் இருக்கும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கிராணியும் லாரியும்

சரி, ‘ஹைப்ரிட்’ என்றால் என்ன? பாதி வால்வு, பாதி டிரான்சிஸ்டர். ஏன் பாதி?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 32 ஓம் ஹெட்ஃபோனில் ஒரு மில்லிவாட் ஒலி எழுப்ப ஏறக்குறைய 0.18 வோல்ட்டும் 5.6 மில்லியாம்பியரும் தேவை. வோல்ட் அற்ப அளவு. மின்னோட்டம்தான் சிக்கல். 12ஏயூ7 வால்வு 250 வோல்ட் மாதிரி உயர்ந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யப் பிறந்தது. இந்தச் சின்னப் பலகையில் அதற்குக் கிடைப்பது 24 வோல்ட். அரைவயிற்றுக் கஞ்சிதான். அந்த நிலையில் அதன் வழியாக ஒரு மில்லியாம்பியர் ஓடுவதே பெரிய காரியம். ஹெட்ஃபோனை அது எப்படி ஓட்டும்?

தோட்டத்து ஆபீசில் கிராணி கணக்கு எழுதுவார். பால் வாளியைத் தூக்கி லாரியில் ஏற்றுவது அவர் வேலை இல்லை. ஹைப்ரிட்டில் வால்வுதான் கிராணி. கைப்பேசியிலிருந்து வரும் சின்ன வோல்ட்டைப் பெரிதாக்கி எழுதித் தருகிறது. லாரி வேலையை ஐஆர்எஃப்510 போன்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்கிறது. அது வோல்ட்டைக் கூட்டுவதில்லை. வந்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு மின்னோட்டத்தை மட்டும் அள்ளித் தருகிறது. சில மாதிரிகளில் மாஸ்ஃபெட் இருக்கும் இடத்தில் ஆப்-ஆம்ப் சில்லு இருக்கும். வேலை அதேதான்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி ஹெட்ஃபோன் உலகில் இல்லை, காரில் இருந்தது. 1950-களின் பின்பாதியில் அமெரிக்கக் கார் ரேடியோக்களை வடிவமைத்தவர்களிடம் ஒரு சங்கடம். டிரான்சிஸ்டர் அப்போதுதான் வந்திருந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் பலம் அதற்கு வந்துவிட்டது. வானொலி அலைகளைப் பிடிக்கும் வேகம் இன்னும் மலிவாக வரவில்லை. ஆகவே 12 வோல்ட் கார் பேட்டரியிலேயே நேரடியாக வேலை செய்யும் வால்வுகளை முன்பக்கத்திலும், ஒரு பவர் டிரான்சிஸ்டரைப் பின்பக்கத்திலும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் டிரான்சிஸ்டரே எல்லா வேலையையும் கற்றுக்கொண்டது. அந்தக் கார் வால்வுகள் கிடங்குகளில் தூசு படிந்து கிடந்தன.

பல ஆண்டுகள் கழித்து பீட் மில்லெட் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதே கார் வால்வுகளில் ஒன்றான 12ஏஇ6-ஐ எடுத்துக் குறைந்த வோல்ட் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை வடிவமைத்து, வரைபடத்தை எல்லாரும் பார்க்க வெளியிட்டார். பின்னர் ‘ஸ்டார்விங் ஸ்டூடண்ட்’, அதாவது பட்டினி கிடக்கும் மாணவன், என்று பெயரிட்டு இன்னொன்று. யாரும் சீண்டாத 19ஜே6 வால்வு, ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட், அலுவலகத் தொலைபேசிக்கு வரும் 48 வோல்ட் அடாப்டர், அவ்வளவுதான். மலிவுக்காகச் செய்தது அத்தனை பேருக்குப் பிடித்துப்போய், 19ஜே6 கிடைப்பதே கஷ்டமாகி, வேறு வால்வுகளுக்கு ஏற்ப அதை மாற்றி எழுத வேண்டி வந்தது. இன்று இணைய அங்காடியில் நாம் பார்க்கும் பலகைகள் பலவும் இந்த மாதிரியான எளிய வரைபடங்களின் வழிவந்தவை.

கதகதப்பு எங்கிருந்து வருகிறது?

‘வால்வு சத்தம் கதகதப்பாக இருக்கும்’ என்பார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. வால்வு தனக்குக் கொடுத்த அலையை அச்சு அசலாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு சுரத்தைக் கொடுத்தால், அதோடு அதன் இரட்டிப்பு அதிர்வையும் மெல்லியதாகச் சேர்த்துத் தருகிறது. மத்திம ஸ்தாயி சட்ஜத்தைக் கொடுத்தால் மேல் சட்ஜம் நிழல் மாதிரி கூடவே வரும். பொறியியல் பாடத்தில் இதன் பெயர் பிசகு. காதுக்கு இது பிசகாகப் படுவதில்லை, ஏனென்றால் மேல் சட்ஜம் கீழ்ச் சட்ஜத்தோடு சண்டை போடாது.

தம்புரா மீட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலை நுழைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் வரும் இடத்தில் நிறுத்துவார்கள். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். தந்தியின் சுத்தமான ஒலியை அது கெடுக்கத்தான் செய்கிறது. மேல் சுரங்களைக் கிளப்பிவிடுகிறது. அந்தக் கெடுதலுக்குத்தான் ஜீவன் என்று பெயர் வைத்தோம்.

ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அந்த நூல் தேவையா? 1950-களில் பதிவான திரைப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பதிவுக் கருவிகளே வால்வுதான். டி.எம். சௌந்தரராஜன் குரலிலும் பி. சுசீலா குரலிலும் நமக்குப் பழகிப்போன அந்த வழவழப்பில் கொஞ்சம் ஏற்கெனவே ஒலிநாடாவிலேயே ஏறியிருக்கிறது. அதன் மேல் இன்னொரு வால்வை ஏற்றினால் பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை. 1992-இல் வந்த ‘ரோஜா’ மாதிரி கூர்மையாகப் பதிவான இசையில் ஒருவேளை வித்தியாசம் ரசிக்கும்படி இருக்கலாம். இது என் ருசி. உங்கள் காது வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

வால்வை மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்துக்கு வருவோம். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்ய, சீன நிறுவனங்கள் இன்னும் புது வால்வுகளைச் செய்கின்றன. இங்கிலாந்தின் முல்லார்ட், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை ஒரு காலத்தில் செய்த பழைய சரக்குக்குத் தனி விலை. ஆம்பின் விலையைவிட வால்வின் விலை கூடிவிடுவது சாதாரணம். அதில் கிடைக்கும் வித்தியாசம், ஒரே வகை வால்வுகளுக்குள், சொல்லப்படுவதைவிடச் சின்னது. வால்வுக்கு வால்வு சத்தம் இம்மி கூடக் குறையத்தான் செய்யும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே நல்ல ஒலி என்று காது ஏமாறும். சோதிக்க ஆசையிருந்தால், ஒரே தொனியை ஓடவிட்டு மல்டிமீட்டரில் வெளியீட்டு வோல்ட்டைப் பார்த்து இரண்டு வால்வுக்கும் சமமாக்குங்கள். பிறகு எது எது என்று சொல்லாமல் மாற்றித் தரும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் அந்த வால்வை வாங்கலாம். எனக்குத் தெரிந்து இந்தச் சோதனைக்கு உட்கார்ந்தவர்களைவிட உட்கார மறுத்தவர்களே அதிகம்.

மாற்றத் தகுந்தவை

முதல் மாற்றத்துக்குக் காசே வேண்டாம். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பாருங்கள். மலிவுப் பலகைகள் பலவற்றில் வால்வின் அடியில் ஒரு எல்இடி விளக்கு ஒளிந்திருக்கும். 12ஏயூ7-இன் உண்மையான இழை வெளிச்சம் மங்கல். அறை இருட்டாக இருந்தால்தான் மேல்பக்கம் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும். நாம் பார்ப்பது திருவிழா மின்விளக்கு. அதைப் பிடுங்கினால் ஒலியில் ஒன்றும் மாறாது, ஆனால் வால்வு உண்மையில் எரிகிறதா என்று தெரியும். பெரியப்பா முகப்பு விளக்கை நம்ப மாட்டார். “சூடு இல்லேன்னா வால்வு இல்லம்மா” என்று விரலைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார்.

சூடு என்றதும் இன்னொன்று. மாஸ்ஃபெட் வகைப் பலகைகளில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரம் ஒரே அளவாகச் செலவாகும். எல்எம்317 என்ற சில்லு அந்த அளவைக் கட்டிப்போடுகிறது. அதன் 1.25 வோல்ட்டை 5 ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் கால் ஆம்பியர். 24 வோல்ட்டில் கால் ஆம்பியர் என்றால் ஒரு பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கமும் 12 வாட், அத்தனையும் வெப்பம். அலுமினியத் தகடு தொட முடியாமல் சுடுவது இயல்பு. அலமாரிக்குள் அடைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள், குழந்தை கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பலகையோடு வந்த அடாப்டரில் சிரிம் முத்திரை இல்லையென்றால், முத்திரையுள்ள 24 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். என்னைக் கேட்டால் எந்த அபூர்வ வால்வையும்விட முதலில் செலவழிக்க வேண்டிய பணம் அதுதான். ஆம்பியர் அளவு குறையக் கூடாது. பிளக்கின் நடுமுனை கூட்டலா கழித்தலா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

கையில் ஈயம் பற்றவைக்கும் கோல் இருந்தால் அடுத்த இரண்டும் செய்யத் தக்கவை.

முதலாவது, அளவுக்கு மீறிய பெருக்கம். காதுக்குள் செருகும் சின்ன இயர்ஃபோனில் கேட்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வால்யூம் திருகைத் தொட்டால் போதும், கத்துகிறது. அந்த முதல் கால் சுற்றில் இடதும் வலதும் சமமாக இருப்பதும் இல்லை, பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வேறு. வால்வை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வால்யூம் திருகு 10 கிலோ ஓம் என்றால், அதன் நுழைவு முனைக்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். வரும் சமிக்ஞை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கும், ஏறக்குறைய 10 டெசிபல். சில காசு செலவு. திருகு நடுவாந்தரத்தில் நிற்கும், இரண்டு காதும் சமமாகும். வால்வின் சொந்த இரைச்சல் இதனால் குறையாது. ஆனால் விரல் நுனியால் எலிப்பொறி வைப்பதுபோல் திருக வேண்டிய அவஸ்தை தீரும்.

இரண்டாவது, வெளியீட்டு கெப்பாசிட்டர். மாஸ்ஃபெட்டின் வெளியீட்டு முனையில் எப்போதும் ஏறக்குறைய 12 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அது ஹெட்ஃபோனுக்குள் போனால் ஹெட்ஃபோன் பாழ். ஆகவே வாசலில் ஒரு கெப்பாசிட்டர் காவல் நிற்கிறது: பாட்டை விடும், நிலையான வோல்ட்டைத் தடுக்கும். காவல்காரர் சிறியவராக இருந்தால் பாட்டின் அடிச்சுரங்களையும் சேர்த்துத் தடுத்துவிடுவார். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 220 மைக்ரோஃபாரட் தாராளம். அதே 220, 16 ஓம் இயர்ஃபோனில் 45 ஹெர்ட்சிலேயே பாதிச் சக்தியை விழுங்கிவிடும். தவிலின் இடந்தலை கும்முவது மெலிந்து கேட்கும். 32 ஓமுக்கு 470 போட்டால் அந்த எல்லை 11 ஹெர்ட்சுக்குப் போய்விடும், போதும். 35 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். கூட்டல் முனை மாஸ்ஃபெட் பக்கம். தலைகீழாக வைத்தால் வெடிக்கும்.

பெரிய கெப்பாசிட்டருக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சுவிட்ச் போட்டதும் அது நிரம்பும் மின்சாரம் உங்கள் ஹெட்ஃபோன் வழியாகத்தான் போகும். ‘டொம்’ என்று ஓர் அடி. ஆகவே ஆம்பைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து ஹெட்ஃபோனைச் செருகுங்கள்; நிறுத்துவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள். கெப்பாசிட்டருக்குப் பிறகு, வெளியீட்டிலிருந்து தரைமுனைக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால், காத்திருக்கும் அந்த நிமிடத்தில் கெப்பாசிட்டர் அமைதியாக நிரம்பிவிடும். பலகையில் சின்ன நீலத் திருகுகள் இருந்தால், அவை பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைச் சரியாக நிறுத்தத்தான். வால்வை மாற்றினால் மீட்டர் வைத்து அதை மறுபடி பாருங்கள்.

பற்றவைக்கும் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஈப்போவில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக முடியுமா? சால்டர் என்பது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் என்றால் 183 டிகிரியில் உருகும். அந்த வெள்ளீயம்தான் கிந்தா பள்ளத்தாக்கை ஊராக்கியது. பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் 1938-ஆம் ஆண்டுக் கப்பல் வாரியது அதைத்தான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுவே. காரீயம் அப்படியல்ல, விஷம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யாதீர்கள்.

காது ஒரு தடவைதான்

என் பிழைப்பே ஹெட்ஃபோனுக்குள் நடக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சாதாரண இயர்ஃபோன் பலவற்றுக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 100 டெசிபலைத் தொடும். இந்த ஆம்ப் தரக்கூடியது அதைவிடப் பல மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணிநேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணிநேரம். 100 என்றால் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

கைப்பேசியில் ‘சத்தம் அதிகம்’ என்று எச்சரிக்கை வரும். நடுவில் ஆம்ப் வந்துவிட்டால் கைப்பேசிக்கு ஒன்றும் தெரியாது. மேல் சட்ஜ நிழல் சேர்ந்த ஒலி உறுத்தாமல் இருப்பதால் கை தானாகத் திருகைக் கூட்டும். கேட்டு முடித்தபின் காதில் ‘ங்’ என்று ஓசை நின்றால் அன்றைய அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நான் மேலே சொன்ன 22 கிலோ ஓம் ரெசிஸ்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாத்தாவின் பெட்டியை என்ன செய்வது?

பின்பக்க அட்டையை, மின்சாரத்தில் செருகாத நிலையில், கழற்றி எழுத்தைப் படியுங்கள்.

‘யூ’ என்று தொடங்கும் வால்வுகள் இருந்தால் அந்தப் பெட்டியை நீங்கள் தொட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். முகப்பில் ஒரு பிளாஸ்டிக் திருகு உடைந்து விழுந்து, உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால், அதைத் தொடுவதும் சுவரிலுள்ள மின்சாரத்தைத் தொடுவதும் ஒன்று. வால்வு ரேடியோ தெரிந்த மெக்கானிக் கையில் மட்டும் கொடுங்கள்.

‘இ’ என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், நிலைமை பரவாயில்லை. ஆனாலும் எத்தனையோ ஆண்டுகள் கிடந்த பெட்டியை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று செருகக் கூடாது. காகித கெப்பாசிட்டர்கள் கசியத் தொடங்கியிருக்கும். ரப்பர் உறை போட்ட வயர்களாக இருந்தால் உறை விரல் பட்டதும் பொடியாக உதிரும். கெப்பாசிட்டரை மாற்றி, வயரைப் புதுப்பித்த பிறகுதான் மின்சாரம்.

‘டி’ என்றால், நம் தோட்டத்து பேட்டரி ரேடியோ. அந்த 90 வோல்ட் பேட்டரி இப்போது கடையில் இல்லை. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரிகள் பத்தைத் தொடராக மாட்டினால் 90 வோல்ட் வந்துவிடும். இழைக்கு ஒரு பெரிய 1.5 வோல்ட் பேட்டரி தனியாக. 90 வோல்ட் ஷாக் அடிக்கும், ஆகவே ஒரு கை பையில் இருக்கட்டும். மாட்டும்போது இரண்டு வயர்களும் இடம் மாறக் கூடாது. இழை முனையில் 90 வோல்ட் பட்டால் நான்கு வால்வும் ஒரே நொடியில் போய்விடும். பெரியப்பா அந்த வயர்களின் நுனியில் நூல் சுற்றி வைத்திருப்பார். 90-க்குச் சிவப்பு, ஒன்றரைக்கு மஞ்சள்.